வெடி வைக்காமல் ஒரு குன்றைப் பிரித்த வேலை: அபு சிம்பெல், 1964–1968

பாறை உடைக்கும் சைட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது, பக்கத்தில் என்ன இருக்கிறது, எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று. பாறை எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் அப்புறம். பழைய வீடு, குடிநீர்க் குழாய், ஆஸ்பத்திரி, கோயில் மதில் என்று ஏதாவது ஒட்டி இருந்தால் வெடி கிடையாது. வெடி கிடையாது என்றதும் எல்லோரும் எந்த மெஷின் கொண்டுவரலாம் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த மெஷினை எந்த இடத்தோடு நிறுத்தவேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. சேதம் நடப்பது அங்கேதான். இதை எடுத்துச் சொல்ல எனக்குத் தெரிந்து அபு சிம்பெல் இடமாற்றத்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அறுபது வருடத்துக்கு முந்தைய வேலை என்றாலும், இன்றைக்கு ஒரு வீட்டு அஸ்திவாரத்தில் பாறை வந்தால்கூட அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

தெற்கு எகிப்தில், சூடான் எல்லைக்குப் பக்கத்தில், நைல் கரையில் ஒரு மணற்கல் குன்று. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராம்செஸ் அதைக் குடைந்து இரண்டு கோயில்களை உண்டாக்கினான். பெரிய கோயிலின் முகப்பில் அரசனின் உட்கார்ந்த சிலைகள் நான்கு, ஒவ்வொன்றும் சுமார் 20 மீட்டர் உயரம். அதன் பின்னால் குன்றுக்குள் தூண் மண்டபமும் அறைகளும் ஏறத்தாழ 60 மீட்டர் உள்ளே போகின்றன. சின்னக் கோயில் அரசி நெஃபர்தாரிக்காக எழுந்தது. மாமல்லபுரத்து மண்டபங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். கல் மேல் கல் வைத்துக் கட்டியது எதுவும் இல்லை. கூரை, தூண், சிலை எல்லாமே குன்றோடு ஒட்டிய ஒரே பாறை. மாமல்லபுரம் கருங்கல், இது மணற்கல் என்பதுதான் பெரிய வித்தியாசம். அடுக்கடுக்காகப் படிந்து, ஓர் அடுக்கு கெட்டியாகவும் அடுத்த அடுக்கு பொறபொறவென்றும் இருக்கும் கல்.

1960 ஜனவரியில் அஸ்வான் உயர் அணை வேலை தொடங்கியது. அணைக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் இரண்டு கோயில்களையும் மூழ்கடிக்கும் என்பது அப்போதே தெரியும். அந்த மார்ச்சில் யுனெஸ்கோ உலக நாடுகளிடம் உதவி கேட்டது. பல யோசனைகள் வந்தன. கோயிலைச் சுற்றித் தனியாக ஓர் அணை கட்டிக் காப்பாற்றலாம் என்றது பிரெஞ்சுத் திட்டம். கோயிலைச் சுற்றியுள்ள பாறையோடு வெட்டி, கான்கிரீட் பெட்டிக்குள் அடைத்து, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை ஒரே சீராக இயக்கி முழுசாக மேலே தூக்கலாம் என்றது இத்தாலியத் திட்டம். இந்த இரண்டாவது யோசனைதான் பொறியாளர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கோயிலைத் துண்டு போடாமலே இடம் மாற்றும் வழி அது. ஆனால் அதற்கான பணம் திரளவில்லை. கடைசியில் 1963-இல் சுவீடனின் விபிபி நிறுவனம் கொடுத்த திட்டத்தை எகிப்து ஏற்றுக்கொண்டது: கோயிலைத் துண்டு துண்டாக அறுத்து, மேட்டில் கொண்டுபோய்த் திரும்பச் சேர்ப்பது. அந்த நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜெர்மனியின் ஹோக்டீஃப் தலைமையில் இத்தாலி, பிரான்ஸ், சுவீடன், எகிப்து நிறுவனங்கள் கூட்டாக இறங்கின. வேலை தொடங்கிய 1964-இல்தான் அணையில் தண்ணீரும் ஏறத் தொடங்கியது.

வெடி ஏன் விலக்கப்பட்டது

கோயில்களின் கூரைக்கு மேல் குன்றின் உடம்பு முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. அதை அகற்றினால்தான் கூரையை மேலிருந்து அறுக்க முடியும். அகற்றவேண்டிய பாறை சுமார் 3 லட்சம் டன். சாதாரணக் குவாரியில் இந்த அளவுக்குத் துளை போட்டுத் தோட்டா வைப்பார்கள், பேச்சே இல்லை. இங்கே வெடிக்கே இடமில்லை என்று முடிவானது.

காரணத்தை "அதிர்வு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். வெடித்தவுடன் பாறைக்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. பாறை அழுத்தத்தை நன்றாகவே தாங்கும். அந்த அலை பாறை முடிந்து காற்று தொடங்கும் பரப்பை எட்டியதும் திரும்புகிறது. திரும்பும்போது இழுவை அலையாக மாறிவிடுகிறது. பாறை இழுவையில் படுசோனி. அழுத்தத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையில் தாங்காது. அதனால் வெளிப்பரப்பில் ஒரு தோல் உரிந்து விழும். வெடி வைத்த இடத்துக்கு எதிர்ப்புறத்தில், யாரும் தொடாத முகத்தில் செதில் கழன்று கிடப்பதைச் சுரங்க வேலைக்காரர்கள் நன்றாக அறிவார்கள்.

குடைவரைக் கோயிலில் அந்த வெளிப்பரப்பு எது? சிற்பமும் வண்ணமும் இருக்கும் சுவர். மண்டபக் கூரையின் அடிப்பக்கம். ராம்செஸின் முகம். சுவரின் அந்த ஒரு சென்டிமீட்டர் தோலைக் காப்பாற்றத்தானே இத்தனை செலவும். வெடியின் அலை சரியாக அந்தத் தோலில் போய்த்தான் தன் வேலையைக் காட்டும்.

ஏற்கெனவே கல்லில் விரிசல்களும் இருந்தன. நான்கு சிலைகளில் ஒன்றின் தலையும் மார்பும் பண்டைக் காலத்திலேயே ஒரு நிலநடுக்கத்தில் உடைந்து விழுந்து, காலடியில் கிடந்தன. இந்தக் குன்று அதிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கான சோதனை அறிக்கை மூவாயிரம் வருடமாக வாசலிலேயே கிடந்தது. வேறு ஆய்வு எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

தொடுவதற்கு முன்னால் செய்தவை

முதல் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கோயில் கல்லில் ஒரு ரம்பமும் படவில்லை. முதல் துண்டு அறுபட்டது 1965 மே மாதத்தில். அதுவரை நடந்தது எல்லாம் தயாரிப்பு. ஏறிவரும் நைல் தண்ணீரைத் தடுக்க இரும்புத் தகடு இறக்கி, பாறையும் மண்ணும் கொட்டி ஒரு தற்காலிக அணை எழுப்பினார்கள். மணற்கல் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சினால் பலம் குறையும். அதனால் கசிந்து வரும் தண்ணீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்தார்கள்.

அப்புறம் முகப்பை மணலால் மூடினார்கள். சுமார் 5,000 லாரி மணல். மேலே பாறை உடைக்கும்போது உருண்டு வரும் கல் சிலையின் மூக்கில் படாமல் இருக்க அந்த மணல் மெத்தை. கூடவே முகப்புக்கு ஒரு முட்டாகவும் நின்றது. அந்த மணல் மேட்டுக்குள் இரும்புக் குழாய் போன்ற ஒரு பாதை விட்டு, அதன் வழியாகக் கோயிலுக்குள் போய்வந்தார்கள். சைட்டில் நாம் தார்ப்பாயும் பலகையும் கட்டிப் பக்கத்து வீட்டைக் காப்பாற்றுகிறோமே, அதே காரியம்தான்.

உள்ளே இரும்புச் சாரம் கட்டிக் கூரையைத் தாங்கிப் பிடித்தார்கள். இது விழுந்துவிடுமோ என்ற பயத்துக்காக மட்டும் கட்டியதல்ல. மூவாயிரம் வருடம் தலையில் சுமந்த பாரத்தை எடுத்தால் பாறை லேசாக நிமிரும். அந்த நிமிர்விலேயே விரிசல் விழலாம். உடைப்பது எவ்வளவு ஆபத்தோ, பாரம் இறக்குவதும் அவ்வளவு ஆபத்து. நம் ஊரில் பழைய கட்டடத்தின் மேல்தளத்தை இடிக்கும்போது கீழ்த்தளத்துக்கு முட்டுக் கொடுப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. இடித்து முடிந்த மறுநாள்தான் கீழே சுவர் பிளந்திருப்பது தெரியவரும்.

நெருங்க நெருங்கச் சின்னதாகிய கருவி

இந்த வேலையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். மேலே, கோயிலுக்கு வெகு தூரத்தில், பெரிய புல்டோசர்கள் வேலை செய்தன. பின்னால் கொக்கி மாட்டி, மணற்கல்லை உழுவதுபோலக் கிழித்துத் தள்ளின. அடுக்குப் பாறை என்பதால் அப்படிக் கிழிக்க வந்தது. கூரையை நெருங்கியதும் புல்டோசரை நிறுத்திவிட்டுக் காற்றழுத்தச் சுத்தியல்களைக் கையில் எடுத்தார்கள். கூரையிலும் சுவரிலும் சுமார் 80 சென்டிமீட்டர் கனம் மட்டும் மிச்சம் இருக்கும்படி விட்டார்கள். அதற்கு மேல் உடைக்கும் கருவி எதுவும் வரக்கூடாது, அறுக்கும் கருவிதான். பின்பக்கத்திலிருந்து மோட்டார் ரம்பம். சிற்பம் இருக்கும் முன்பக்கத்தில் கை ரம்பம்.

அதாவது 3 லட்சம் டன் வேலை இரும்பு வண்டியில் தொடங்கி, ஒரு மனிதனின் முழங்கை அசைவில் வந்து முடிகிறது. இடையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எல்லைக்கோடு இருந்தது. கோடு வந்ததும் அந்தக் கருவி நின்றுவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் இந்த மூலையையும் முடித்துவிடலாமே என்ற சபலத்துக்கு அங்கே இடம் தரப்படவில்லை.

நம் சைட்களில் பிரேக்கர் வண்டியை மணிக்கணக்கு வாடகைக்குத்தான் எடுக்கிறோம். வண்டி வந்துவிட்டது, வாடகை ஓடுகிறது, அதனால் சுவரை ஒட்டிய கடைசி நான்கு அடியையும் அதனாலேயே அடித்துவிடு என்கிறார்கள். அந்த நான்கு அடியில் அடித்த அடி நேராக அடுத்த வீட்டு அஸ்திவாரத்தில் போய் இறங்குகிறது. வெடி வைக்கவில்லை, அதனால் பாதுகாப்பான முறை என்று ஒப்பந்தக்காரர் மனதார நம்புகிறார். பிரேக்கரும் அதிர்வுதான் தருகிறது. வெடி ஒரு தடவை அதிர்த்துவிட்டு ஓயும், இது மணிக்கணக்கில் அதிர்த்துக்கொண்டே இருக்கும். இந்தியாவில் சுரங்க வெடிகளுக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் 1997-இல் கொடுத்த வரம்பில், பழமையான, நுட்பமான கட்டடத்துக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவான அதிர்வில் தரைத் துகளின் வேகம் வினாடிக்கு 2 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. வெடிக்காக எழுதிய எண் அது. பிரேக்கர் ஓடும்போதும் மதிலடியில் ஒரு அதிர்வுமானியை வைத்து அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க யாரும் தடை சொல்லவில்லை. வாடகைக்கு எடுத்தால் போதும்.

அறுப்பு

அறுக்கும் வேலைக்கு இத்தாலியின் கராரா சலவைக்கல் குவாரிகளில் பழகிய கல் தச்சர்களைக் கூட்டிவந்தார்கள். கல்லை எங்கே அறுக்கலாம், எங்கே கூடாது என்று தொல்லியலாளர்களும் பொறியாளர்களும் முன்கூட்டியே கோடு குறித்தார்கள். முகத்தின் நடுவில் கோடு போகாமல், விரிசல் ஏற்கெனவே இருக்கும் இடங்களைக் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். உள்ளே இருக்கும் துண்டுகள் 20 டன்னுக்குள், முகப்பில் இருப்பவை 30 டன்னுக்குள். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள்.

முன்பக்க வெட்டின் அகலம் ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடக்கூடாது. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். கோடையில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பாலைவனம். சாரத்தில் நின்றபடி ஒருவர் அரசனின் காதுக்குப் பின்னால் கை ரம்பத்தை வைத்து இழுக்கிறார். கெட்டி அடுக்கில் ரம்பம் ஏறமாட்டேன் என்கிறது. அடுத்த அடுக்கில் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கி, கை சற்று அசந்தால் ஓரம் உதிர்கிறது. மோட்டார் ரம்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கைக்குத் தெரியும். அதனால்தான் முன்பக்கத்துக்குக் கை ரம்பம்.

துண்டைத் தூக்கும் வேலையும் அதே கவனத்தோடுதான் நடந்தது. கயிறு, பெல்ட் எதையும் கல்லைச் சுற்றிப் போடவில்லை. சுற்றினால் ஓரம் நசுங்கும். துண்டின் மேல்பக்கத்தில் துளையிட்டு, இரும்புக் கம்பியை இறக்கி எபாக்ஸி பிசினால் பிடிக்கவைத்து, அந்தக் கம்பிகளைப் பிடித்தே கிரேன் தூக்கியது. பொறபொறத்த இடங்களுக்கும் முன்னதாகப் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தினார்கள். 1965 அக்டோபரில் ராம்செஸின் முகம் ஒரே துண்டாகக் கிரேனில் தொங்கியபடி மேலே போனது. அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு.

பழைய இடத்திலிருந்து சுமார் 65 மீட்டர் உயரத்தில், 200 மீட்டர் அளவுக்குப் பின்னால் தள்ளிக் கோயில்கள் மறுபடி எழுந்தன. பெரிய கோயிலின் தலையில் செயற்கைக் குன்றின் பாரம் இறங்காமல் இருக்க, ஏறத்தாழ 60 மீட்டர் அகலத்துக்கு ஒரு கான்கிரீட் குவிமாடம் கட்டி, அதன் மேல் பாறையைப் பரப்பினார்கள். அதுவே தனியாக எழுதவேண்டிய வேலை.

இன்று இதே வேலை வந்தால்

கருவிகள் மாறியிருக்கின்றன. வைர மணி கோத்த கம்பி ரம்பம் இப்போது கருங்கல்லையும் கம்பி போட்ட கான்கிரீட்டையும் ஒரே இழுப்பில் அறுக்கிறது. அடி இல்லை, அதிர்வு மிகக் குறைவு. தண்ணீர்தான் நிறைய வேண்டும். துளைக்குள் இறக்கி ஹைட்ராலிக் ஆப்பால் பிளக்கும் கருவி இருக்கிறது. மாமல்லபுரத்தில் பாதியில் விட்ட பாறைகளில் வரிசையாக ஆப்புக்குழிகள் தெரியுமே, அந்த யோசனையின் பேரப்பிள்ளை இது. கல்லின் வாகு பார்த்து ஒரே நேர்கோட்டில் துளை போட்டால் பாறை அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

பிறகு, சைட்டில் "கெமிக்கல்" என்று நாம் சொல்லும் பவுடர். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, முக்கியமான சரக்கு சுட்ட சுண்ணாம்பு. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றியவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பட்டதும் கொதித்துப் பூத்து, கட்டி இரண்டு மடங்காகும். அந்தப் பூப்பை 40 மில்லிமீட்டர் துளைக்குள் அடைத்துவிட்டால் சுற்றியுள்ள பாறையைத் தள்ளும். தள்ளும் விசை சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டனைத் தாராளமாகத் தாண்டும். கருங்கல் இழுவையில் அதில் பாதிகூடத் தாங்காது. சத்தம் இல்லை, கல் பறக்காது. சில மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அப்புறம் துளைக்குத் துளை மயிரிழை போல ஒரு கோடு ஓடும். மறுநாள் காலையில் அந்தக் கோட்டில் கை நுழையும்.

ஆனால் இரண்டு விஷயத்தை மறந்தால் கெமிக்கல் கைவிடும். ஒன்று, பாறை தள்ளப்பட்டுப் போவதற்கு ஒரு பக்கம் திறந்திருக்கவேண்டும். நாலா பக்கமும் பாறை சூழ்ந்த குழியில் ஊற்றினால் பவுடரும் பணமும் வீண். முதலில் நடுவில் ஒரு பள்ளம் எடுத்து, அதை நோக்கி உடைத்து வரவேண்டும். இரண்டு, வெயில். குளிர்காலத்துக்கான ரகத்தை நம் மே மாதத்தில் ஊற்றினால் துளைக்குள்ளேயே தண்ணீர் கொதித்து, பவுடர் பீரங்கிபோல மேலே பீய்ச்சும். சூடான சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். ஊற்றிய துளையைக் குனிந்து பார்க்கவே கூடாது, கண்ணாடி போடாமல் கிட்டேயே போகக்கூடாது. இதை ஒவ்வொரு நாளும் புதிதாக வரும் ஆளுக்குப் புதிதாகச் சொல்லவேண்டும்.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கெமிக்கலை மட்டும் நம்பி இறங்குவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கான்கிரீட் விரியும், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி பிடித்துக்கொண்டே இருக்கும். விரிசல் அகலாது. கம்பியை வெட்டிக்கொண்டே போகவேண்டும். பழைய கட்டடத்தை ஒட்டிய தூணோ தளமோ என்றால் முதலில் ரம்பத்தால் ஒரு கோடு அறுத்து, காப்பாற்றவேண்டிய பக்கத்தையும் உடைக்கவேண்டிய பக்கத்தையும் பிரித்துவிடுங்கள். பாறையிலும் அப்படித்தான். எல்லையில் நெருக்கமாகத் துளை போட்டு ஒரு இடைவெளி உண்டாக்கிவிட்டால், அதிர்வு அந்த இடைவெளியைத் தாண்டுவது கஷ்டம். அதற்குப் பிறகு தூரத்துப் பக்கத்தில் பிரேக்கர் ஓடட்டும்.

அபு சிம்பெல் அணி இன்று வேலை செய்தால் கை ரம்பத்துக்குப் பதில் மெல்லிய கம்பி ரம்பம் எடுத்திருக்கலாம். புல்டோசரை நிறுத்திய இடமும் சுத்தியலை நிறுத்திய இடமும் மட்டும் அப்படியே இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அந்தக் கோடுகளைப் போட்டது கருவியின் திறமையைப் பார்த்து இல்லை, சுவருக்கும் தங்களுக்கும் நடுவே இருந்த தூரத்தைப் பார்த்து.

இந்த வேலையைக் குறை சொல்பவர்களும் உண்டு. மலையில் பிறந்த கோயிலை மலையிலிருந்து பிரித்துவிட்டார்கள், இப்போது இருப்பது கான்கிரீட்டின் மேல் ஒட்டிய தோல் என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அருகில் போனால் இணைப்புக் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். தண்ணீருக்கடியில் மணலாகக் கரைந்து போவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

1968 செப்டம்பர் 22-இல் புதிய இடத்தில் திறப்பு விழா நடந்தது. வாசலில் நான்கு சிலைகள், அதில் ஒன்றுக்கு மட்டும் தலை இல்லை. பழைய நிலநடுக்கத்தில் விழுந்த தலையையும் மார்பையும் எடுத்து ஒட்டிவிடலாமா என்ற ஆசை யாருக்கும் வரும், கிரேனும் பிசினும் கையிலேயே இருந்தன. அந்தத் துண்டுகளையும் மற்றவற்றைப்போலவே மேலே கொண்டுபோய், விழுந்து கிடந்த அதே கிடப்பில் சிலையின் காலடியில் வைத்தார்கள்.